புழுவுக்கும் பெயர் வேண்டும்

"பிரெஞ்சு மீடியத்தில் படித்து என்ன கண்டீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. போன மாதம் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. விலங்கியல் படிக்கும் என் பேத்தி, "தாத்தா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்களேன்" என்று 1923-ல் வெளியான ஒரு பிரெஞ்சு நூலின் நகலை நீட்டினாள். பியேர் ஃபோவெல் எழுதியது. பக்கவாட்டில் கொத்துக் கொத்தாக மயிர் உள்ள கடற்புழுக்களைப் பற்றியது. சென்னை அருங்காட்சியகத்துப் புழுக்களைப் பற்றியும் இவர் 1930-ல் எழுதியிருக்கிறார்.

அவளுக்கு வேண்டியது 'தியோபத்ரா' என்ற பேரினம். ஓத்வேன், மில்ன் எத்வார் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 1833-ல் வைத்த பெயர். இது சேற்றுக்குள் குழாய் கட்டி வாழும். வெளியே நீட்டும் நுனியில் கிளிஞ்சல், சருகு எல்லாவற்றையும் ஒட்டிக்கொள்ளும். செவுளைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துவிடும். இழைகள் ஒரு தண்டைச் சுற்றிச் சுருளாக ஏறும், பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி. நெருங்கிய உறவான 'ஓனுஃபிஸ்' புழுவுக்கு அப்படிச் சுருளாது.

பேரினம் வரை சரி. எந்த இனம் என்பதில்தான் வம்பு. உணர்கொம்பின் அடியில் எத்தனை வளையம், சீப்பு போன்ற மயிரில் எத்தனை பல் என்று நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். நேப்பிள்ஸ் கடலில் கிடைத்த புழுவுக்கு 1841-ல் 'நெயாப்பொலிதானா' என்று பெயர் வைத்தார்கள். பிறகு பல நாட்டுக் கரைகளில் கிடைத்ததையும் அந்தப் பெயரிலேயே எழுதி வந்தார்கள். பிரான்சின் பிஸ்கே விரிகுடாவில் அப்படி எழுதப்பட்டது வேறு இனம் என்று 2012-ல்தான் பிரித்து, 'பிஸ்காயென்சிஸ்' என்று தனிப்பெயர் கொடுத்தார்கள். பேத்தி இதையெல்லாம் கேட்டுவிட்டு, தன் புட்டியின் சீட்டில் 'தியோபத்ரா' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொண்டாள். நல்ல குமாஸ்தா ஆவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் அலுவலகத்தில் பார்த்தது இதற்கு நேர் எதிர். பிரெஞ்சுப் பதிவேட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், ரேஷன் கார்டில் இன்னொன்று. ஒரே ஆள் காகிதத்தில் இருவராகிவிடுவார், பென்ஷன் நின்றுவிடும். புழுக்களிலோ இருவர் ஒருவராகிவிடுகிறார்கள். தூண்டில் இரைக்காக இவற்றைத் தோண்டி எடுக்கிறார்கள். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால், ஒன்று அழிந்தாலும் கணக்கில் தெரியாது.

புழுவுக்கே இவ்வளவு என்றால் நமக்கு? உங்கள் பெயர் இரண்டு விதமாகப் பதிவாகியிருந்தால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே சரிசெய்துவிடுங்கள்.