முடக்குக்கு அங்கால்

உரும்பிராய்ச் சந்தியில் பலாலி வீதியும் மானிப்பாய் – கைதடி வீதியும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. பஸ், லொறி, ஓட்டோ என்று எந்நேரமும் சத்தம். புதிதாக மோட்டார் சைக்கிள் பழகிய பெண்கள் பலர் அந்தச் சந்திக்குத்தான் பயப்படுகிறார்கள். எனக்கோ சந்தியைத் தாண்டி ஒழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் கவனம் கூடும். சந்தியில் வருவது போவது எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஒழுங்கை முடக்கில் ஒன்றும் தெரியாது.

எங்கள் ஒழுங்கைகள் நடப்பவர்களுக்கும் மாட்டு வண்டிலுக்கும் என்று உண்டானவை. காணி எல்லை எப்படிப் போகிறதோ அப்படியே அவையும் வளைந்து போகும். ஒரு பக்கம் கிளுவை வேலி, மறுபக்கம் மதில் அல்லது தகரம். திரும்பி முடிக்கும்வரை அங்கால் நிற்பது மாடா, லான்ட்மாஸ்டரா, பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளா என்று தெரியாது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது யாழ்ப்பாணத்து வேலியைப் பற்றி நிறையப் பேசினோம். எல்லை, அந்தஸ்து, மறைப்பு என்று எழுதிப் புள்ளியும் வாங்கினோம். அந்த வேலிக்கு மறுபக்கத்தால் யார் சைக்கிளில் வருவார் என்று யாரும் கேட்டதில்லை!

சமூகப் பணியாளராக வேலைக்கு வந்தபின், ஒரு நாளில் ஆறேழு வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. போகிற வீடுகளில் பாதிக்கு மேல் பெண்ணே குடும்பத்தைத் தூக்கி நடத்துகிற வீடுகள். கணவர் இறந்திருப்பார், அல்லது இன்னும் தேடப்பட்டுக்கொண்டிருப்பார். அந்தப் பெண்களில் பலரும் இப்போது ஸ்கூட்டி பெப் ஓடுகிறார்கள். தையல் கொண்டுபோய்க் கொடுக்க, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றிச் செல்ல, தோட்டத்து மரக்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோக அது வேண்டும். 2022ஆம் ஆண்டு பெற்றோல் தட்டுப்பாட்டில் எல்லோரும் திரும்பச் சைக்கிளுக்குப் போனார்கள். பிறகு பெப் மறுபடியும் வெளியே வந்தது. அந்த வீட்டில் உழைக்கிற ஒருவரின் கை முறிந்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. அதனால்தான் இந்த முடக்கு விடயத்தை எழுத நினைத்தேன்.

முடக்கு வந்தால் ஹோர்ன் அடிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பலருக்கு முடக்குப் பாடம் அதோடு முடிந்துவிடுகிறது. ஹோர்னை அடித்துவிட்டு வந்த வேகத்திலேயே திரும்புவார்கள். “அடிச்சனான்தானே அக்கா, அவை விலகத்தானே வேணும்” என்று ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள்.

அவள் அப்படிச் சொன்ன ஒழுங்கையில்தான் ஒரு தாய் இருக்கிறார். அறுபது வயதிருக்கும். செல் விழுந்ததில் அவருக்கு வலது காது போய்விட்டது. வெளிக்காயம் ஆறிவிட்டது. உட்காதில் கெட்டது மீளவில்லை. தினமும் சைக்கிளை உருட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்வருகிறார். “சத்தம் கேக்குது பிள்ளை, ஆனா எந்தப் பக்கம் எண்டு விளங்காது. இஞ்சாலயோ எண்டு அங்கால விலகினால், அதுக்குள்ளாலதான் வாறாங்கள்” என்றார்.

அவர் சொன்னது சரி. சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளும் சேர்ந்துதான் கண்டுபிடிக்கின்றன. ஒரு காது மட்டும் கேட்பவருக்கு ஹோர்ன் பதற்றத்தைத்தான் கொடுக்கும். குண்டுச் சத்தத்துக்குள்ளே வாழ்ந்த எங்கள் ஊர்களில் இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. காது கேளாமை பார்வைக்குத் தெரிவதில்லை. ஊன்றுகோலைக் கண்டால் வேகத்தைக் குறைக்கிறோம். காதுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லை.

ஹோர்ன் அடியுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது நாங்கள் கேட்கிற ஓர் உதவி. மற்றவர் கேட்டு, விளங்கி, விலகினால்தான் அது பலிக்கும். வேகம் அப்படியல்ல. அது எங்கள் வலது கைப்பிடியிலேயே இருக்கிறது.

எவ்வளவு வேகம் என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் நிற்கக்கூடிய வேகம். இது அகலமான, போக ஒரு பக்கமும் வர ஒரு பக்கமும் பிரிந்த வீதிக்கான கணக்கு. ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய ஒழுங்கையில் அது போதாது. ஏனென்றால் எதிரே வருபவரும் எங்களை நோக்கி ஓடி வருகிறார். எனவே தெரிகிற தூரத்தின் பாதிக்குள் நிற்க வேண்டும். மற்றப் பாதி அவருக்கு.

இதை வாயால் சொன்னால் பெண்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஐந்து பேரைக் கோயில் வெளிவீதிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாம்பலால் கோடு போட்டோம். ஒருவர் ஓடி வர, கோட்டடியில் நின்று இன்னொருவர் “நில்!” என்று கத்துவார். நின்ற இடம்வரை அடியால் அளந்தோம். கணக்குப்படி பார்த்தால், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வருபவர் திடுக்கிட்டுப் பிறேக்கைப் பிடிக்க ஒரு செக்கன் எடுத்தாலே 11 மீற்றர் போய்விடும். காய்ந்த தார் வீதியில் பிறகு நிற்க இன்னும் 10 மீற்றர் வேண்டும். 20 கிலோமீற்றரில் வந்தால் எல்லாம் சேர்த்து 8 மீற்றர்தான். வேகம் பாதியானால் தூரம் பாதியாகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பாதியிலும் நன்றாகக் குறைந்ததைக் கண்டு ஒருத்தி நம்பாமல் திரும்ப அளந்தாள். எதிரே வருபவருக்கும் 8 மீற்றர் என்றால் இருவருக்கும் 16. எங்கள் முடக்குகளில் 16 மீற்றர் தெரிந்தாலே பெரிய விடயம். தெரியாவிட்டால் இன்னும் குறைக்க வேண்டும். சில முடக்குகளில் நடக்கிற வேகத்துக்கே வரவேண்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

முடக்கு எவ்வளவு கடுமையானது என்று முன்கூட்டியே பார்க்க ஒரு வழி உண்டு. தூரத்தே பார்த்தால் இடப்பக்க வேலியும் வலப்பக்க வேலியும் ஒரு புள்ளியில் முட்டுவது போலத் தெரியும். நீங்கள் போகப் போக அந்தப் புள்ளியும் தள்ளித் தள்ளிப் போனால் முடக்கு விரிகிறது. அது அசையாமல் உங்களை நெருங்கி வந்தால் முடக்கு ஒடுங்குகிறது, கையைத் தளர்த்துங்கள். பிறேக் பிடிப்பதை வண்டி நேராக நிற்கும்போதே முடித்துவிட வேண்டும். சரிந்து திரும்பும்போது முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் முன்சில் வழுக்கும். பெப்பில் வலது கைப் பிறேக்தான் முன்சில்லுக்கு. தடுமாறும்போது பலருக்கு அந்தக் கைதான் முதலில் இறுகுகிறது.

எங்கள் செம்மண்ணும் சும்மா விடாது. தோட்டத்தால் வெளிக்கிடுகிற லான்ட்மாஸ்டர் முடக்கில் திரும்பும்போதுதான் சில்லு மண்ணை உதறும். வெயில் காலத்திலும் நிலம் ஈரமாக இருக்கும், வாழைக்கு இறைக்கிற தண்ணீர் வாய்க்கால் உடைத்து ஒழுங்கைக்கு வந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிடங்கு எது தண்ணீர் எது என்று தெரியாது. காய்ந்த வீதிக்குச் சொன்ன அந்த 8 மீற்றர் இங்கே செல்லாது.

எந்தப் பக்கத்தால் போவது என்பதிலும் பெண்களாகிய எங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. “ஓரமாப் போ” என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். இடப்பக்கம் திரும்புகிற முடக்கில் வேலியை உரசிக்கொண்டு போனால், உங்களுக்கும் அங்கால் தெரியாது, வருபவருக்கும் உங்களைத் தெரியாது. இடம் இருந்தால் உங்கள் பக்கத்துக்குள்ளேயே வேலியை விட்டு ஓரடி இரண்டடி தள்ளிப் போங்கள். வலப்பக்க முடக்கில் மட்டும் இடக்கரையைப் பிடியுங்கள். அதைக் குறுக்கே வெட்டித் திரும்புவதுதான் பெரும்பாலான மோதல்களுக்குக் காரணம் என்பது நான் கண்டது. பின்னால் சேலையோடு ஒரு பக்கமாக இருந்து வருபவர் இருந்தால், திரும்பும்போது எதிர்ப்பக்கம் சாயவேண்டாம் என்று ஏறும் முன்னமே சொல்லிவிடுங்கள். ஹெல்மெட் அவருக்கும் வேண்டும், சட்டமும் அதுதான். சின்னப் பிள்ளையை முன்னால் நிற்க வைத்து ஓடுவதைப் பற்றி நான் பேச வெளிக்கிட்டால் கட்டுரை சண்டையாகிவிடும்.

ஊர்ச் சண்டை ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மோசமான முடக்கில் வேலி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. அதை இடுப்பளவுக்கு வெட்டினால் இரண்டு பக்கமும் தெரியும் என்று மாதர் சங்கத்தில் பேச்சு வந்தது. வேலிக்காரி இரண்டு குமர்ப் பிள்ளைகளோடு தனியே இருப்பவர். “ஆர் வாறான், ஆர் போறான் எண்டு நீங்கள் பாக்கிறதுக்கு, என்ர கிணத்தடியை ஊருக்குக் காட்டச் சொல்லுறியளோ?” என்று கேட்டார். சிலருக்குக் கோபம் வந்தது. வீதிப் பாதுகாப்பு பொது விடயம், அவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார்கள்.

எனக்கு அவர் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. ஆண் துணையில்லாத வீட்டுக்கு வேலி ஒரு கதவு மாதிரி. நாங்கள் பத்துச் செக்கன் முந்திப் போவதற்காக அந்தக் கதவைக் கழற்றச் சொல்ல முடியாது. குவிவுக் கண்ணாடி ஒன்று போட்டுத் தரும்படி வலிகாமம் கிழக்குப் பிரதேச சபைக்கு எழுதுவோம் என்று முடிவாயிற்று. கண்ணாடி வந்தாலும் அதில் தூரம் கூடுதலாகத்தான் தெரியும், மழையில் ஒன்றும் தெரியாது. ஆகவே கையைத் தளர்த்தித்தான் ஆகவேண்டும்.

இரவில் ஒரு வசதி இருக்கிறது. முடக்குக்கு முன்னமே எதிரே வருகிற வெளிச்சம் மதிலில் விழும். நாங்களும் விளக்கை ஒருமுறை கூட்டிக் குறைத்துக் காட்டலாம். காது கேளாதவருக்கும் அது தெரியும்.

கூட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குப் பிறகு அந்த வழியால் போனேன். வேலிக்காரி ஒழுங்கைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த கிளுவைக் கொப்புகளை மட்டும் வெட்டி ஆட்டுக்குப் போட்டிருந்தார். உயரத்தில் ஒரு சாணும் குறைக்கவில்லை. மூலைக் கதியாலில் வெள்ளை உரப்பை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார், இருட்டில் மூலை தெரியட்டும் என்று.