சூசா பள்ளத்தாக்கில் ஒரு குளிர்காலப் பயணம்

நம் ஊர்ச் சாலைகளில் ஸ்கூட்டர் ஓட்டுவோர்க்கு எஞ்சினைப் பற்றிய கவலை ஒன்றே ஒன்றுதான்: அது அளவுக்கு மீறிச் சூடேறிவிடக் கூடாதே என்பது. சித்திரை வெயிலில் மலைச்சாலை ஏறியவர்கள், புளியமர நிழலில் வண்டியை நிறுத்தி ஆறவிட்டிருப்பார்கள். எஞ்சின் சூடேறாமற் போய்விடுமே என்று அஞ்சும் நாடுகளும் உண்டு என்பதை, வட இத்தாலியில் கழித்த ஒரு குளிர்காலத்தில்தான் நான் அறிந்துகொண்டேன். ஓர் இரவல் வண்டிக்குத் தீங்கு இழைத்த பின்னரே அந்த அறிவு வந்தது.

2015-ஆம் ஆண்டின் இறுதியில் தூரின் நகரில் கல்வி நிமித்தம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் ஒருவர் வாழ்ந்தார். முழங்கால் வலியால் ஓட்ட முடியாமற்போன தம் ஸ்கூட்டரை, "நின்று துருப்பிடிப்பதைவிட உங்களுக்குப் பயன்படட்டும்" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்திருந்தார். அது நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின் கொண்ட வண்டி. நம் நாட்டுப் பழைய ஸ்கூட்டர்களில் ஒரு சிறு விசிறி காற்றை வீசி எஞ்சினைக் குளிர்விக்கும். இதிலோ எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம் வெப்பத்தை ஏந்திச் சென்று, முன்புறத்திலுள்ள ரேடியேட்டரில் காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும்.

2016 ஜனவரியில் ஒரு காலை, சாக்ரா தி சான் மிகேலே என்னும் அதிதூதர் மிக்கேல் மடத்தைக் காணப் புறப்பட்டேன். அப்போது பூச்சியத்திற்குக் கீழ் 4 பாகைக் குளிர். போ நதிச் சமவெளியை மூடுபனி போர்த்தியிருந்தது. ரிவோலியைக் கடந்து, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அவில்யானாவை அடையும்வரை, வெப்பங்காட்டும் முள் கால்பங்குக்கு மேல் எழவேயில்லை. நம் ஊர் நினைப்பில் நான் மகிழ்ந்துபோனேன். "எஞ்சின் எவ்வளவு குளுமையாய் ஓடுகிறது!" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தேன்.

அவில்யானாவின் இரு ஏரிகளையும் தாண்டினால் சாலை மலையேறத் தொடங்கும். பனியோ பனிக்கட்டியோ சாலையில் இருந்தால் இருசக்கர வண்டியை ஓட்டலாகாது என்பது அந்நாட்டுக் குளிர்கால விதி. அன்று சாலை உலர்ந்திருந்தது. மூடுபனி காலடியில் தங்கிவிட, கதிரவன் ஒளியில் பிர்கிரியானோ மலை தெரிந்தது. 962 மீட்டர் உயரத்தில், பாறையிலிருந்தே முளைத்தெழுந்தது போல் நிற்கிறது அம்மடம். பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட கட்டடம் அது. கீழே தோரா ரிபாரியா ஆறு வெள்ளிக் கோடாக ஓட, ரோமையாத்திரிகர் நடந்து சென்ற பழம்பாதை அந்தப் பள்ளத்தாக்கின் வழியே நீள்கிறது. மேற்கே 3,538 மீட்டர் உயர்ந்த ரொச்சமெலோனே சிகரம் வெண்பனி சூடி நின்றது.

ஏற்றத்தில் பாதியளவுக்கு உயர்ந்திருந்த முள், இறக்கத்தில் நான் வியக்கும்படி வீழ்ந்தது. பள்ளத்தாக்கின் காற்று முகத்தில் அறைந்தது. முடுக்கியை மூடியபடியே வளைவு வளைவாக இறங்கி ஏரிக்கரையை அடைந்தபோது, முள் அடிக்கோட்டில் படுத்துவிட்டது. மீண்டும் முடுக்கியதும் எஞ்சின் இருமியது, தயங்கியது. பெட்ரோல் வாடையும் எழுந்தது. அஞ்சியவனாய், அவ்வூர் மெக்கானிக் ஒருவரின் பணிமனைக்குள் வண்டியைத் தள்ளிச் சென்றேன்.

முதியவரான அவர் முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து என்னிடம் காட்டினார். அதன் உட்புறத்தில் மோர் போன்ற வெளிறிய குழம்பு அப்பியிருந்தது.

"தினமும் சிறு தொலைவுதான் ஓட்டுகிறீர்களோ?" என்று கேட்டார்.

"ஆம், ஐந்து நிமிடப் பயணந்தான்" என்றேன்.

அவர் விளக்கியது எனக்கு ஒரு பாடமாயிற்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறினும், ஒரு சிறிது எஞ்சினுக்குள் கசிந்து இறங்கும். எஞ்சின் நன்கு சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். சூடேறாவிடில் எண்ணெயோடு கலந்து குழம்பாகும். எரியாத பெட்ரோலும் எண்ணெயில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் உராய்வைத் தடுக்காது. எஞ்சின் சத்தமின்றித் தேய்ந்துகொண்டே போகும்.

ஆனால் 25 கிலோமீட்டர் ஓடியும் சூடேறாததேன்? அவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினார். மெழுகு அடைத்த சிறு கூடு ஒன்று அதன் உயிர்நிலை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்தக் கதவு மூடியிருந்து, திரவத்தை ரேடியேட்டருக்கு விடாமல் எஞ்சினைச் சுற்றியே ஓடச் செய்யும். வெப்பம் ஏறத்தாழ 80 பாகையை எட்டும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். கழற்றிய தெர்மோஸ்டாட்டோ குளிர்ந்த மேசைமீதும் வாய் திறந்தே கிடந்தது. அதன் விளிம்பில் சுண்ணாம்புப் படிவு வெள்ளையாய்க் காய்ந்திருந்தது. எஞ்சின் ஈட்டிய வெப்பத்தையெல்லாம் முதல் நிமிடத்திலிருந்தே மலைக்காற்று வாரிக்கொண்டு போயிருக்கிறது. இறக்கத்திலோ எஞ்சின் புதிதாய் ஈட்டுவதற்கும் ஒன்றுமில்லை.

"இதில் யார் குழாய் நீரை ஊற்றியது?" என்று அவர் கேட்டபோது என் முகம் வாடிற்று. இலையுதிர்காலம் தொட்டு, தொட்டியில் அளவு குறையக் குறைய நான்தான் நம் ஊர் வழக்கப்படி குழாய் நீரை நிரப்பி வந்தேன். குழாயின் பிடிப்புத் தளர்ந்து கசிந்ததை ஆராயவேயில்லை. அவர் திரவத்தைச் சோதித்தார். செம்பாதி கிளைக்காலும் செம்பாதி காய்ச்சி வடித்த நீரும் கலந்தால் பூச்சியத்திற்குக் கீழ் 37 பாகைவரை உறையாது. என் வண்டியிலோ ஐந்தில் ஒரு பங்கே கிளைக்கால் எஞ்சியிருந்தது. அது கீழ் 8 பாகையிலேயே உறையத் தொடங்கும். உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருக்கும். ஒரு கடுங்குளிர் இரவு வண்டி வெளியில் நின்றிருந்தால், எஞ்சினின் உலோகச் சுவரே பிளந்திருக்கும்.

"ரேடியேட்டரை அட்டையால் மறைத்தால் போதாதா? சிலர் அவ்வாறு செய்வதைக் கண்டேனே" என்றேன்.

"கதவு கெட்டிருக்க, சன்னலை அடைப்பதா?" என்று சிரித்தார். கடுங்குளிரில் நெடுந்தொலைவு செல்வோர் ஒரு பகுதியை மட்டும் மறைக்கலாம். அதுவும் முள்மீது கண் வைத்தபடி. முழுதும் மறைத்தால், நகர நெரிசலில் திரவம் கொதித்துவிடும் என்றார்.

புதிய தெர்மோஸ்டாட்டை அடுப்பிலிருந்த நீரில் இட்டு, அது மெல்லத் திறப்பதை எனக்குக் காட்டிய பின்னரே பொருத்தினார். எண்ணெயும் திரவமும் மாற்றப்பட்டன. விடைபெறும்போது மூன்று அறிவுரைகள் கூறினார். நின்ற இடத்திலேயே நெடுநேரம் எஞ்சினை ஓடவிட வேண்டாம். ஒரு நிமிடத்தில் புறப்பட்டு, முள் எழும்வரை மென்மையாக ஓட்டவேண்டும். வாரம் ஒருமுறையேனும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி ஈரத்தைப் போக்கவேண்டும். எஞ்சினை முடுக்கிய சில நிமிடங்கள்வரை ரேடியேட்டர்க் குழாய் தொட்டால் குளிர்ந்திருக்கவேண்டும்; தொடக்கத்திலிருந்தே வெதுவெதுப்பானால் கதவு மீண்டும் மூடவில்லை என்று அறிக.

மாலையில் முள் நடுக்கோட்டில் அசையாது நிற்க, நகரம் திரும்பினேன். எஞ்சியிருந்தது ஒரு கடமை. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, நிகழ்ந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பெரியவர் எண்ணெய் மூடியைத் தாமே திறந்து பார்த்தார், தூய்மையாயிருந்தது.

"என்னிடம் கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார்.

பிறகு கொட்டகைக்குள் சென்று, காய்ச்சி வடித்த நீர்க் கலயம் ஒன்றை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். வண்டியின் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.