விடை இரண்டான கணக்கு

கணக்கிற்கு விடை ஒன்றே என்பது நம்மவரின் நெடுநாளைய நம்பிக்கை. பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்த நம் போன்றோர்க்கு அந்நம்பிக்கை ஓர் ஊன்றுகோலாகவும் இருந்தது. மொழி மாறலாம், உணவு மாறலாம். தஞ்சையில் கற்ற பெருக்கல் வாய்பாடு தில்லியிலும் செல்லும் அன்றோ? ஆகவேதான் 2019-ஆம் ஆண்டில் உலகெங்கும் வாதிக்கப்பட்ட ஒரு சிறு கணக்கு எங்கள் குடும்பத்தையும் கலக்கியது.

8 ÷ 2(2 + 2) என்பதே அக்கணக்கு. தில்லிப் பள்ளியொன்றில் பயின்றுவந்த என் பேரன் விடை 16 என்றான். பொறியாளனாய் இருந்து ஓய்வுபெற்ற என் தம்பி 1 என்றான். "இது தெரியாமலா பாலம் கட்டினீர்கள், சின்னத் தாத்தா?" என்று பையன் நகைத்தான். தம்பியின் முகம் வாடிற்று. உணவையும் மறுத்து எழுந்து சென்றான். அதன்பின் சில நாள் இருவரும் பேசவில்லை.

இருவர் வழியையும் பார்ப்போம். அடைப்புக்குள் இருப்பது 4. இனி இடமிருந்து வலமாகச் சென்றால், எட்டை இரண்டால் வகுக்க 4. அதை நான்கால் பெருக்க 16. இது பேரன் வழி. பெருக்கற்குறி இன்றி ஒட்டி நிற்கும் 2(4) பிரிக்கலாகாத ஓர் உறுப்பு. அதன் மதிப்பு 8. எட்டை எட்டால் வகுக்க 1. இது தம்பி வழி. இயற்கணிதத்தில் பழகிய கை அவ்வாறே கொள்ளும். 'பிசிக்கல் ரிவியூ' என்னும் இயற்பியல் ஆய்விதழின் எழுத்துநெறியும் சாய்கோட்டால் குறிக்கும் வகுத்தலுக்கு முன்னே பெருக்கலை வைத்தது.

நம் பிள்ளைகள் மனனம் செய்யும் 'போட்மாஸ்' வகுத்தலை முன் சொல்கிறது. அமெரிக்கப் பிள்ளைகளின் 'பெம்டாஸ்' பெருக்கலை முன் சொல்கிறது. இரண்டும் சமம், வரும் வரிசையில் செய்க என்பதே இரண்டின் கருத்தும். ஆனால் எழுதாத பெருக்கற்குறியைப் பற்றி இவ்விரண்டும் வாய் திறப்பதில்லை. கணிதக் குறிகளின் வரலாற்றை எழுதிய ஃப்ளோரியன் கஜோரி, வகுத்தலும் பெருக்கலும் அடுத்தடுத்து வருமிடத்தில் எதை முன் செய்வது என்பதில் உடன்பாடு இல்லை என்று 1928-லேயே குறித்தார்.

தமிழர்க்கு இது புதுமையன்று. தொல்காப்பிய உரையில் 'செம்பொன்பதின்றொடி' என்றோர் எடுத்துக்காட்டு வரும். தொடி என்பது பழைய நிறையளவு. செம்பொன், பதின்றொடி எனப் பிரித்தால் பொன் பத்துத் தொடி. செம்பு, ஒன்பதின்றொடி எனப் பிரித்தால் செம்பு ஒன்பது தொடி! சொல்லும் இசையாலும் சொல்லுவோன் கருத்தாலும் பொருள் விளங்குமேயன்றி, எழுத்தில் அதற்கு அடையாளம் இல்லை என்பது இலக்கணம். இதை எடுத்துரைத்தபோது தம்பி மெல்லச் சிரித்தான்; பேரன் தாளெடுத்து, அடைப்புக்குறிகளை இடம் மாற்றியிட்டு, இரண்டு கணக்காக எழுதிக் காட்டினான்.

இதை வெறும் விளையாட்டென்று என்னால் தள்ள இயலவில்லை. கணக்குப் பிரிவில் முப்பது ஆண்டு பணியாற்றியவன் நான். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் 1987-இல் ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. மாதச் சம்பளக்காரரின் பதினைந்து நாள் ஊதியத்தைக் காண, சம்பளத்தை 26-ஆல் வகுத்து, கிடைத்த ஈவைப் பதினைந்தால் பெருக்க வேண்டும் என்று அது சொல்லாலேயே முறையை வகுத்தது. 780 ரூபாய் சம்பளமெனில் ஓராண்டுப் பணிக்கு 450 ரூபாய். அதையே 780 ÷ 26 × 15 என்று குறிகளால் மட்டும் எழுதி, பெருக்கலை முதலில் செய்பவர் கையில் கொடுத்திருந்தால் மிஞ்சுவது 2 ரூபாய். ஊர் திரும்பும் முதியவரின் உழைப்பு ஒரு குறியின் மயக்கத்தில் கரைய விடலாகாது என்று அச்சட்டத்தை எழுதியவர் கருதினார் போலும்.

இருபொருள்படும் கணக்கைக் கண்டால், படிப்பவன் அறிவைச் சோதிப்பதினும் எழுதியவனிடம் ஓர் அடைப்புக்குறி கேட்பதே முறை. பிள்ளைகளுக்குப் போட்மாஸைக் கற்பிக்கும்போது இதனையும் சேர்த்துக் கற்பிப்போம். கடன் சீட்டாயினும், பாகப்பிரிவினைத் தாளாயினும், நம் சங்கத்தின் வரவுசெலவுக் குறிப்பாயினும், எதை முதலில் கூட்டுவது, எதைப் பின்னர் வகுப்பது என்பதை எழுதுவோரே தெளிவாய்க் காட்டிவிட்டால், உறவினர் இருவர் உண்ணாமல் எழுந்து போக நேராது.