சூப்பர்மேன் இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன வேலை?

வீட்டில் சூப்பர் ஹீரோ ரசிகர்கள் இரண்டு பேர் இருந்தால் போதும், இந்தச் சண்டை நிச்சயம். "சூப்பர்மேனும் பேட்மேனும் மோதினா யார் ஜெயிப்பாங்க?" ஒருவர், "ஒரு தட்டு தட்டினா பேட்மேன் காலி!" என்பார். "கிரிப்டனைட்டை மறந்துட்டியா?" என்பார் மற்றவர்.

கதை எழுதுபவருக்கோ இது பெரிய தலைவலி. 1938-ல் அறிமுகமானபோது சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. சுமார் 200 மீட்டர் தாவுவார், அவ்வளவுதான். போகப்போகப் பறந்தார், கிரகங்களையே நகர்த்தினார். எதுவும் வீழ்த்த முடியாதவருக்கு ஆபத்து ஏது? ஆபத்து இல்லாவிட்டால் கதை ஏது? அதனால்தான் 1943-ல் வானொலித் தொடரில் வந்த கிரிப்டனைட் இன்றுவரை கைகொடுக்கிறது. 1986-ல் ஜான் பைர்ன் அவர் கதையைப் புதிதாகத் தொடங்கியபோது, பலத்தையே குறைத்துவிட்டார்.

குழுக் கதையில் சிக்கல் இன்னும் அதிகம். 1960-ல் வந்த ஜஸ்டிஸ் லீக்கின் முதல் கதையில், சூப்பர்மேனை விண்கற்களைத் தடுக்க அனுப்பிவிட்டார்கள். அவர் அங்கே போனதால்தான் மற்றவர்களுக்கு வேலை கிடைத்தது!

2012-ல் வந்த 'அவெஞ்சர்ஸ்' படம் வேறு வழியைக் காட்டியது. நியூயார்க் சண்டையில் கேப்டன் அமெரிக்கா ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுப்பார். வானத்தில் திறந்த வாசல் வழியே வரும் எதிரிகளை மின்னலால் தடுப்பது தோரின் வேலை. வில்லும் அம்பும் மட்டுமே வைத்திருக்கும் ஹாக்ஐ, மொட்டைமாடியில் நின்று எதிரிகளின் போக்கைக் கவனித்துச் சொல்ல வேண்டும். ஹல்க்கின் முஷ்டியால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

அடுத்த முறை வீட்டில் சண்டை வந்தால், யார் பலசாலி என்று கேட்காதீர்கள். "யார் இல்லைன்னா கதை நகராது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் பெரும்பாலும் பலசாலியாக இருக்காது.