மெயில் வரலைன்னா எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமா?

உங்க லேப்ல சர்வர் க்ளஸ்டர் இருக்கா? அப்போ ஒரு கேள்வி. நைட் ரெண்டு மணிக்கு அதுல ஒரு மெஷின் படுத்துட்டா, முதல்ல யாருக்குத் தெரியும்?

எங்க டிபார்ட்மென்ட்ல மூணு பழைய டெஸ்க்டாப்பைச் சேர்த்து சீனியர்ஸ் ஒரு க்ளஸ்டர் அமைச்சுட்டுப் போயிருக்காங்க. எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டேட்டா மொத்தமும் அதுலதான். மூணுல ஒண்ணு போனா மத்த ரெண்டும் சமாளிக்கும். ரெண்டாவதும் போனா பெரும்பான்மை இல்லாம க்ளஸ்டரே நின்னுடும். அதனால முதல் மெஷின் விழுந்த உடனே தகவல் வந்தாகணும்.

அலர்ட் மெயில் ஏற்கெனவே போயிட்டுதான் இருந்தது. ஆனா யாருக்கு? படிப்பு முடிச்சு வேலைக்குப் போயிட்ட ஒரு அண்ணனுக்கு! போன் பண்ணிக் கேட்டேன். "அது ஒரு நாளைக்கு அறுபது எழுபது வரும்டா தம்பி. தனி ஃபோல்டர்ல தள்ளி விட்டுட்டேன்"னு சிரிச்சார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது. சிபியு 80% தாண்டினாலே மெயில் வந்தா யார்தான் படிப்பாங்க?

நான் தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர். பக்கத்துல இருமத்தூர் வழியா தென்பெண்ணை ஓடுது. மேல கிருஷ்ணகிரி அணை, முழு உயரம் 52 அடி. ஒவ்வொரு அடி ஏறும்போதும் யாரும் எங்களைக் கூப்பிடுறதில்லை. அணை நிரம்பப் போகுது, தண்ணீர் திறக்கப் போறாங்கன்னா மட்டும் கிருஷ்ணகிரியிலிருந்து கடலூர் வரை 5 மாவட்டங்களுக்கும் வெள்ள அபாய எச்சரிக்கை வரும். 2017 நவம்பர்ல அணையோட ஷட்டர் ஒண்ணு உடைஞ்சப்பவும் வந்தது. கேட்டா ஆத்தோரம் கட்டின மாட்டை அவுத்துட்டு மேட்டுக்கு வரணும். கேட்கிறவங்களுக்கு உடனே செய்ய ஒரு வேலை இருக்கணும். இல்லைன்னா அது வெறும் சத்தம்தான்.

இந்தக் கணக்குலதான் ப்ராமிதியஸ் வெச்சு எல்லாத்தையும் புதுசா செட் பண்ணினோம். 2012ல சவுண்ட்க்ளவுட் கம்பெனியில ஆரம்பிச்ச ஓப்பன் சோர்ஸ் டூல் இது. ஒவ்வொரு மெஷின்லயும் நோட் எக்ஸ்போர்ட்டர் ஓடும். 15 செகண்டுக்கு ஒரு தடவை ப்ராமிதியஸ் போய் "உயிரோட இருக்கியா?"ன்னு கேட்டு வரும். ஒரு தடவை பதில் இல்லைன்னா மெயில் கிடையாது. தொடர்ந்து 5 நிமிஷம் இல்லைன்னாதான். டிஸ்க்குக்கு "80% ஆச்சு"ன்னு சொல்றதை எடுத்துட்டு, "இதே வேகத்துல போனா 24 மணி நேரத்துல நிரம்பிடும்"னு மாத்தினோம். ஸ்விட்ச் போய் மூணு மெஷினும் ஒண்ணா மறைஞ்சா, அலர்ட்மேனேஜர் மூணையும் சேர்த்து ஒரே மெயிலா அனுப்பும்.

ஜிமெயில் வழியா அனுப்புறீங்கன்னா ஒண்ணு கவனிங்க. 2022 மே 30க்கு அப்புறம் வெறும் பாஸ்வேர்டை ஏத்துக்காது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் எடுத்து, போர்ட் 587ல கொடுங்க.

இவ்வளவு செஞ்சும் ஒரு ஓட்டை இருக்கு. லேப்ல கரண்ட்டே போயிட்டா? இன்டர்நெட் அறுந்துட்டா? மெயில் அனுப்ப வேண்டிய மெஷினும் சேர்ந்தே போயிடும். உங்க இன்பாக்ஸ் அமைதியா இருக்கும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே.

இதுக்கு வழி எங்க அம்மாவுக்கு எப்பவோ தெரியும். தினமும் நைட் ஒன்பது மணிக்கு நான் போன் பண்ணணும். பண்ணலைன்னா ஒன்பதரைக்கு ரூம்மேட் போன் அடிக்கும். அதே மாதிரி எப்பவும் அடிச்சுக்கிட்டே இருக்கிற ஒரு அலர்ட்டை வெச்சோம். அது காலேஜுக்கு வெளியில இருக்கிற ஒரு சர்வீஸுக்கு 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை "இருக்கேன்"னு சொல்லும். அந்தக் குரல் நின்னா, வெளியிலிருந்து எங்களுக்கு மெயில் வரும்.

செகண்ட் ரிவ்யூவுக்கு நாலு நாள் முன்னாடி, ராத்திரி 1:40க்கு ஒரு மெயில் வந்தது. ஒரு மெஷின்ல எஸ்எம்பிஎஸ் அவுட். விடியறதுக்குள்ள மூணு டீமோட டேட்டாவையும் ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துட்டோம். அந்த வாரம் முழுக்க வந்தது அந்த ஒரு மெயில்தான். அதனாலதான் அதைத் திறந்து பார்த்தோம்.

மே மாசம் நாங்களும் போயிடுவோம். அதனால மெயில் இப்போ யாரோட சொந்த ஐடிக்கும் போறதில்லை, ஒரு க்ரூப் ஐடிக்குப் போகுது. தேர்ட் இயர் பசங்க நாலு பேர் அதுல இருக்காங்க. நீங்களும் லேப்ல சொல்லிட்டு, ஒரு மெஷினோட நெட்வொர்க் கேபிளைக் கழட்டிப் பாருங்க. பத்து நிமிஷத்துல யார் போன்ல சத்தம் வருதுன்னு தெரிஞ்சுடும். யார் போன்லயும் வரலைன்னா, ரிவ்யூவுக்கு முன்னாடியே தெரிஞ்சதுன்னு சந்தோஷப்படுங்க.