விரையாத வண்டி

விரைவே முன்னேற்றத்தின் அளவுகோல் என்று கருதப்படும் காலமிது. இக்காலத்தில், விரைவை இரண்டாம் இடத்தில் வைத்து ஆக்கப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளைச் சிலர் ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து வாங்குகின்றனர். உருண்டையான முகவிளக்கு, நீர்த்துளி வடிவான பெற்றோல் தாங்கி, தாழ்ந்த இருக்கை, கால்களை முன்னே நீட்டி நிமிர்ந்து அமரும் வசதி என்பன இவ்வகை வண்டியின் அடையாளங்கள். 'குறூசர்' என்பது இதற்கு வழங்கும் பெயர். பந்தயத்துக்கும் உதவாத, சந்தைக்கு மூடை ஏற்றவும் உகந்ததல்லாத இவ்வண்டியில் மனிதர் காணும் இன்பம் யாது என்பது சிந்தனைக்குரிய வினாவாகும்.

தமிழ்பேசும் மக்களுக்கு இவ்வகை வண்டியை அறிமுகஞ் செய்த பெருமை றோயல் என்பீல்ட் நிறுவனத்தையே சாரும். இங்கிலாந்தின் றெடிச் நகரில் 1901ஆம் ஆண்டு தனது முதலாவது மோட்டார் சைக்கிளைச் செய்த அந்நிறுவனம், 1932இல் 'புல்லட்' என்னும் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தது. 1955இல் சென்னையில் என்பீல்ட் இந்தியா தோற்றம் பெற்றது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாகலாயிற்று. 1970இல் இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்டது; ஆயின் சென்னையில் பிள்ளை நிலைத்தது. பிறந்த மண்ணில் வழக்கொழிந்த வடிவம் வந்த மண்ணில் மரபாகிவிட்டமை வியப்புக்குரியதே. அம்மரபிலே குறூசர் வடிவாக 2002இல் வெளிவந்து, 2020 வரை விற்பனையில் இருந்தது 'தண்டர்பேர்ட்' ஆகும்.

அத்தகைய தண்டர்பேர்ட் ஒன்றைத் தன்னாமுனையைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் 2021இல் வாங்கினார். நாற்பதை அண்மித்த வயது. தாயும் அவருமாக வாழும் சிறிய வீடு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகளின் விலை ஏறியிருந்தது. சீட்டுக்காசும் சேமிப்பும் ஒருங்கே கரைந்தன. "இந்தக் காசுக்கு வளவுக்கு மதில் கட்டியிருக்கலாமே சேர்" என்றார் உடன் கற்பிக்கும் ஒருவர். புதிய எஞ்சினுக்குப் பழைய உடுப்பு உடுத்திய ஒப்பனையே இது என்றார் மற்றொருவர். இரண்டாவது கூற்றில் உண்மை இல்லாமலில்லை. பழைய புல்லட்டை இயக்குவதற்கு அம்பியர்மானியின் முள்ளை நடுவுக்குக் கொணர்ந்து, அமுக்கத்தைத் தளர்த்தும் நெம்பைப் பிடித்து, பின்னரே உதைக்க வேண்டும். தண்டர்பேர்ட்டுக்கோ ஒரு பொத்தானை அழுத்தினாலே போதும்.

எனினும், ஒப்பனையோடு முடிந்துவிடும் வண்டியன்று அது. அதன் ஒற்றை உருளை 70 மில்லிமீற்றர் அகலமும் 90 மில்லிமீற்றர் வீச்சும் கொண்டது. அகலத்தை விஞ்சிய இந்த நெடுவீச்சே அதன் குணத்தை நிர்ணயிக்கிறது. எஞ்சின் குறைந்த வேகத்திற் சுழலும்போதே போதிய முறுக்குவிசை கிடைத்துவிடும். இரண்டு சுழற்சிக்கு ஒருமுறை நிகழும் வெடிப்பு, தனித்தனியே எண்ணத்தக்கது போல் காதில் விழும். அடிக்கடி கியர் மாற்றவும் தேவையில்லை. முறுக்கி ஓட்டினால் வண்டி அதிர்ந்து தன் வெறுப்பைத் தெரிவிக்கும். ஆகவே ஓட்டுபவர் மெல்லச் செல்லப் பழகுகிறார்; மெல்லச் செல்பவர் பார்க்கப் பழகுகிறார்.

ஞாயிறு மாலைகளில் ஆசிரியர் சத்துருக்கொண்டான், ஊறணி வழியாக நகரையடைந்து கல்லடிப் பாலம்வரை செல்வார். வாவியில் வலை வீசுவோர், கரையில் ஏற்றிவைத்த தோணிகள், கண்ணாப் பற்றைகளில் அடையும் கொக்குகள் என்பன ஒவ்வொன்றாக வந்து கடந்து செல்லும். பல்சர்களும் டியோக்களும் அவரை முந்திப் பறக்கும்; அவர் பொருட்படுத்துவதில்லை. கல்லடியில் 1924இல் அமைந்த இரும்புப் பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. அங்கே வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுவார். பாடும் மீன்களின் வாவியருகே முழங்கிக்கொண்டு நிற்பது முறையன்று என்பது அவர் கொள்கை.

2022ஆம் ஆண்டு இவ்வின்பத்துக்குச் சோதனையாயிற்று. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாயை எட்டியது. பின்னர் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரம் 4 லீற்றரே கிடைத்தது. தண்டர்பேர்ட்டின் தாங்கியோ 20 லீற்றர் கொள்வது. ஆசிரியர் சைக்கிளிற் பாடசாலை சென்றார். வண்டி வீட்டுத் தாழ்வாரத்திற் சாக்குப் போர்த்தி நின்றது. கிடைத்த பங்கு தாயை வைத்தியசாலைக்கு ஏற்றிச்செல்ல முச்சக்கரவண்டி வைத்திருந்த அயலவருக்கும் சிறிது சென்றது. ஆடம்பரம் என்று பழிக்கப்பட்ட பொருள் அவ்வாண்டில் பொறுமையையும் கற்பித்தது எனலாம்.

ஆயினும் இவ்வண்டியின் பொருளை முழுமையாக உணர அந்தத் திருகோணமலை வீதியின் கடந்தகாலத்தை நோக்குதல் வேண்டும். 1990 ஓகஸ்ட் 15ஆம் நாள், புனித மிக்கேல் கல்லூரியிற் கற்பித்து, கூடைப்பந்தாட்டத்தை வளர்த்த அமெரிக்க இயேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்பு நோக்கிப் புறப்பட்டார். அவரும் உடன்வந்த இளைஞரும் வந்து சேரவில்லை. வந்து சேராதோர் அவர்கள் இருவர் மாத்திரமல்லர். அந்நாட்களில் ஊர்தியின் ஓசை வரவேற்கப்படும் ஓசையாக இருக்கவில்லை. இரவில் எஞ்சின் உறுமினால் விளக்கை அணைத்தனர். பகலிற் சோதனைச் சாவடிகளில் இறங்கி வண்டியைத் தள்ளிச் சென்றனர். இருட்டுமுன் வீடு சேர்வதே பயணத்தின் ஒரே நோக்கமாயிருந்தது. அவ்வீதியில் எவரும் மெதுவாகப் போக விரும்பியதில்லை.

ஆசிரியரின் தாய் அக்காலத்து மனுஷி. வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவர் அதனோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை. மகன் நகரிலிருந்து திரும்பும் இரவுகளிலே படலையடியில் நிற்பார். தொலைவிற் கேட்கும் அந்தத் தனித்த முழக்கத்தை வேறெந்த வண்டியினின்றும் பிரித்தறிய அவருக்கு அதிக நாள் செல்லவில்லை. பின்னர் படலைக்கு வருவதை நிறுத்தினார். ஓசை கேட்டதும் அடுப்பில் குழம்பைச் சூடாக்கத் தொடங்கினார். "உன்ட வண்டிச் சத்தம் ஒழுங்கைக்கு வந்தாத்தான் மனே எனக்கு நித்திரை" என்றார் ஒருநாள். ஓசைக்கு அஞ்சி விளக்கணைத்த ஒருவர், அதே வீதியில் எழும் ஓசைக்காக விளக்கேற்றி வைத்திருக்கிறார்.

பழமைசார்ந்த வடிவங்களை விரும்புவோர் இறந்தகாலத்தில் வாழ்பவர் என்று குறை கூறுவதுண்டு. தன்னாமுனையைப் பொறுத்தவரை அக்குறை பொருந்தாது. அந்த ஆசிரியர் வாங்கியது பழைய காலத்தை அன்று. பழைய காலம் அவ்வூருக்கு மறுத்திருந்த ஒன்றையே, அதாவது அவசரமின்றி ஒரு மாலையில் வீதியிற் செல்லும் உரிமையையே, அவர் வாங்கினார். அண்மைக் காலமாகத் தாயும் பின்னிருக்கையில் அமர்ந்து ஏறாவூரிலுள்ள உறவினர் வீட்டுக்குப் போய்வருகிறார். போகும்போது மகனின் தோளைப் பற்றிக்கொண்டு அவர் சொல்வது ஒன்றுதான்: "மெதுவாப் போ மனே, இப்ப என்ன அவசரம்."