இப்போ ஒண்ணும் காட்டலையே, மேடம்

நடுரோட்டில் நின்றுபோன காரைப் பார்த்து யாரும் சந்தேகப்படுவதில்லை. தள்ளிவிட நாலு பேர் வருவார்கள். வந்துவிட்டுப் போகிற கோளாறுக்குத்தான் சாட்சி கேட்கிறார்கள். சொல்வது பெண் என்றால், கோளாறை விட்டுவிட்டுச் சொன்னவளைச் சோதிக்கத் தொடங்குகிறார்கள். ஏறக்குறைய ஒரு வருடம் நான் அந்தச் சோதனைக்கு ஆளானேன்.

பாளையங்கோட்டையில் வீடு. ஆலங்குளம் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. போக வர 70 கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள். கார் வாங்கிய மூன்றாம் வருடம், ஒரு மாலை சீதபற்பநல்லூரைத் தாண்டும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன: ஏபிஎஸ், ஏர்பேக், பவர் ஸ்டீயரிங். ஸ்டீயரிங் கல்லாக இறுகியது. எதிரே ஜல்லி லாரி. இரண்டு கையாலும் இழுத்து வண்டியை ஓரம் கட்டினேன். இரண்டே நிமிடத்தில் விளக்குகள் அணைந்தன. ஸ்டீயரிங் பழையபடி இலகுவானது. எதுவுமே நடக்காததுபோல் கார் என்னை வீடு கொண்டுவந்து சேர்த்தது.

மறுநாள் சர்வீஸ் சென்டரில் அட்வைசர் சாவியைப் போட்டுப் பார்த்தார். "இப்போ ஒண்ணும் காட்டலையே, மேடம்." பிறகு அவரே விளக்கமும் தந்தார்: "லேடீஸ் வண்டி பெரும்பாலும் நின்னுக்கிட்டேதான் இருக்கும். ஓட்டாம வெச்சா பேட்டரி இறங்கத்தான் செய்யும்." அவர் கண்ணெதிரே ஓடோமீட்டர் 52,000 கிலோமீட்டரைக் காட்டிக்கொண்டிருந்தது. ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்ன குறையை எழுதும் கட்டத்தில் "கஸ்டமருக்கு டவுட், ஜெனரல் செக்கப்" என்று எழுதினார். ஸ்டீயரிங் இறுகியது என்ற செய்தி அந்தத் தாளில் எங்குமே இல்லை.

இரண்டாம் முறை போனபோது பேட்டரியை மாற்றினார்கள். பணம் கட்டினேன். ஒரு மாதத்தில் விளக்குகள் திரும்பி வந்தன. மூன்றாம் முறை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு பைக் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. வழியில் நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தான். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஜாப் கார்டில் "ஸ்டீயரிங் ஹார்ட், விட்டு விட்டு வருகிறது, டெஸ்ட் டிரைவ் தேவை" என்று எழுதப்பட்டது. அன்றும் கோளாறு அகப்படவில்லை. ஆனால் என் வார்த்தைகள் அவன் வாய்வழியாகத் தாளில் ஏறிவிட்டன.

அதற்குப் பிறகுதான் இந்த விளக்குகள் ஏன் எரிகின்றன என்று படிக்க ஆரம்பித்தேன். இன்றைய காருக்குள் பல சிறிய கணினிகள் இருக்கின்றன. பிரேக், ஏர்பேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே வயர் வலைப்பின்னலில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேன் என்ற முறை அது. இவை எல்லாவற்றுக்கும் ஒரே 12 வோல்ட் மின்சாரம். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் கொடுக்க வேண்டும். அது குறையும்போது ஒவ்வொரு கணினியும் தன் பங்குக்குப் புகார் சொல்லும். மின்சாரத்தால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் அதிக கரண்ட் இழுப்பது; அதனால் அது முதலில் தடுமாறக்கூடும். ஐந்து விளக்கு சேர்ந்து எரிந்தால் ஐந்து பாகம் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் இடத்தில் மின்சாரம் தடைபடுகிறது என்றும் இருக்கலாம்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகுகிற சின்ன வோல்ட்மீட்டர் ஒன்றை வாங்கினேன். ஒரு நோட்டும் போட்டேன். தேதி, நேரம், ஏசி ஓடியதா, ஹெட்லைட் எரிந்ததா, பள்ளத்தில் இறங்கியதா, எத்தனை வோல்ட் என்று எழுதினேன். மாதவிடாய்த் தேதி, பிள்ளையின் காய்ச்சல், பால் கணக்கு என்று வருடக்கணக்காகக் காலண்டரில் குறித்துப் பழகிய கைக்கு இது புதிய வேலை இல்லை. நான்கு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஏசியும் ஹெட்லைட்டும் சேர்ந்து ஓடும்போது, பள்ளத்தில் இறங்கி ஏறியதும், 12.9க்குக் கீழே போகிறது.

நோட்டை எழுதும்போதெல்லாம் அம்மா நினைவுக்கு வந்தாள். அவளுக்குப் படபடப்பு வந்துவிட்டுப் போகும். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் நின்றுவிடும். ஈசிஜி சுத்தமாக இருக்கும். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு மருத்துவர், நாள் முழுக்க உடம்பில் கட்டிக்கொள்கிற ஹோல்டர் கருவியைப் போட்டுப் பார்த்தார். இதயத் துடிப்பு விட்டு விட்டுத் தாறுமாறாவது அதில் பதிவாகியிருந்தது. பக்கவாதத்துக்கு இட்டுச் செல்லக்கூடியது அது. அந்த இரண்டு வருடமும் அம்மா பொய் சொல்லவில்லை. நோய் வரும் நேரத்தில் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பேட்டைப் பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் நோட்டோடு போனேன். "எப்பெப்பம்மா வருது?" என்று கேட்டார். வேறு யாரும் கேட்காத கேள்வி. "நோட்டுல இருக்கு அண்ணாச்சி" என்று நீட்டினேன். முழுதும் படித்தார். இன்ஜினை ஓடவிட்டு மல்டிமீட்டரை ஆல்டர்னேட்டரிலேயே வைத்தார்: 14.2. பேட்டரியில் வைத்தார்: 13.0. வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தது. பேட்டரியின் நெகட்டிவ் பக்கத்திலிருந்து இன்ஜினுக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றினார். போல்ட்டுக்கு அடியில் பச்சை பூத்திருந்தது. வயரின் பிரிகள் பாதி அறுந்திருந்தன. வண்டி அதிரும்போது தொடர்பு விட்டு விட்டுப் போயிருக்கிறது. சார்ஜ் முழுதாக ஏறாமல் பழைய பேட்டரி செத்ததும் இதனால்தான். புது எர்த் வயருக்கும் கூலிக்கும் சேர்த்து ஆனது, பேட்டரிக்குக் கட்டியதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

நல்ல மனிதர் ஒருவர் கிடைத்தார் என்பதோடு இந்த விஷயத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை. சொன்னதைக் கேட்பது அவருடைய தொழிலின் முதல் படி, அதைச் செய்தார். மற்றவர்களும் அதைச் செய்யக் கடமைப்பட்டவர்கள். லாரி கொஞ்சம் வேகமாக வந்திருந்தால், "டவுட்" என்று எழுதிய அந்தத் தாள்தான் விசாரணையில் இருந்திருக்கும். பெண் ஓட்டியதால் விபத்து என்று ஊர் சொல்லியிருக்கும்.

காரைப் பற்றிப் பெண்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் 1888க்குப் போய்ப் பார்க்கலாம். பெர்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. வழியில் அடைத்துக்கொண்ட பெட்ரோல் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார் என்றும், இக்னிஷன் வயர் உரசிப் பழுதானபோது தன் காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. 1912இல் கேடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின் அந்த வசதியைப் பெண்களுக்கானது என்று விளம்பரம் செய்தார்கள். கைப்பிடியைச் சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது அது திருப்பி அடித்துக் கை முறிந்தவர்களில் ஆண்களே அதிகம். இன்று அந்த ஸ்டார்ட்டர் இல்லாத பெட்ரோல் காரை எந்த ஆணும் வாங்க மாட்டார்.

கல்லூரியில் கார் ஓட்டும் தோழிகளிடம் இப்போது நான் மூன்று விஷயம் சொல்கிறேன். விளக்கு எரியும்போது, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, டேஷ்போர்டைப் போட்டோ எடுங்கள். பேட்டரியை மாற்றச் சொன்னால், எர்த்தையும் ஆல்டர்னேட்டரையும் சோதித்த அளவுகளைக் கேளுங்கள். ஜாப் கார்டை வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன வார்த்தை அதில் இல்லையென்றால் பேனாவை வாங்கி நீங்களே எழுதுங்கள். போன மாதம் எங்கள் நூலகர் அப்படி எழுதியிருக்கிறார். அட்வைசர் முகம் சுளித்தாராம். ஆனால் வண்டியை டெஸ்ட் டிரைவுக்கு எடுத்துக்கொண்டு போனாராம்.